12 புள்ளி, 10 நிமிடம்: தினமும் வாசலில் ஒரு புதுக்கோலம்

புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து வளைந்து போகும் சிக்குக்கோலம் பழக நினைப்பவர்கள் பலர் 15 புள்ளியில் ஆரம்பிக்கிறார்கள். பாதியில் இழை எங்கோ முட்டிக்கொண்டு நின்றுவிடும். மறுநாள் பழைய நட்சத்திரக் கோலத்துக்கே திரும்பிவிடுவார்கள். மார்கழியில் தெருவை அடைத்து ரங்கோலி, மற்ற மாதங்களில் வாசற்படியில் ஒட்டிய ஸ்டிக்கர் என்று ஆகிப்போவதும் இப்படித்தான். தினமும் போடுகிற கோலம் சிறியதாக இருக்கவேண்டும். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி, ஆக மொத்தம் 12 புள்ளி போதும். ஓர் அடி டைல்ஸ் ஒன்றுக்குள் அடங்கிவிடும். கை பழகிவிட்டால் தெளித்துப் பெருக்குவதையும் சேர்த்து 10 நிமிட வேலைதான். அந்த 12 புள்ளிக்குள்ளேயே நாளுக்கு ஒரு புதுக்கோலம் போட்டாலும் ஆயுசுக்கும் தீராது. அது எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் மாவு.

கடையில் வாங்கும் கோலமாவு பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. வாங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். பொடி ரவை மாதிரி நெருநெருவென்று இருந்தால் நல்ல மாவு. முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தால் கோடு வராது. விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், விழுந்தாலும் புகைபோலப் பரவும். ரொம்பக் கரகரப்பாக இருந்தால் கோடு புள்ளி புள்ளியாக விழும். சில மாவில் சுண்ணாம்பு கலந்திருக்கும். தினமும் போட்டால் விரல் எரியும், தோல் உரியும். ஒரு சிட்டிகை மாவோடு துளி மஞ்சள்தூளைச் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் குழையுங்கள். ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மாவு வேண்டாம்.

அரிசிமாவு என்றால் இடியாப்ப மாவை எடுத்துவிடாதீர்கள். அது மிகவும் நைஸ். பச்சரிசி நொய் 200 கிராமைக் கழுவாமல், ஈரமில்லாத மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, ரவைப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். எறும்பும் அணிலும் தின்னட்டும் என்று போடுவதானால் கல்மாவு கலக்கக் கூடாது. இரண்டையும் கலந்து வைத்துவிட்டு ‘எறும்புக்கு உணவு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. 12 புள்ளிக் கோலத்துக்கு ஒரு கைப்பிடி மாவு தாராளம். கொட்டாங்கச்சியிலோ மூடி போட்ட சின்ன டப்பாவிலோ போட்டு வாசல் பக்கத்திலேயே வையுங்கள். மாவைத் தேடி அடுக்களைக்குப் போனால், அங்கே பால் பொங்கும், குக்கர் விசிலடிக்கும், அன்றைய கோலம் அதோடு போச்சு.

தரை விஷயத்தில் அவசரம் ஆகாது. பெருக்கி, தண்ணீர் தெளித்து, நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, சிமென்ட் தரையானால் ஐந்து நிமிடம் விடுங்கள். தரை கருத்திருக்கவேண்டும், பளபளக்கக் கூடாது. பளபளப்பு இருந்தால் தண்ணீர் இன்னும் நிற்கிறது என்று பொருள். மாவு ஊறிக் கோடு தடித்துவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ முதல் காற்றில் கோலம் பறந்துவிடும். வழவழப்பான டைல்ஸில் கால் வைக்கும் இடத்தை விட்டு ஓரமாகப் போடுங்கள், மாவில் கால் வழுக்கும்.

மாவைப் பிடிப்பதுதான் பாதி வித்தை. நடுவிரல், ஆள்காட்டி விரல் இரண்டையும் சேர்த்து வளைத்து அதில் மாவை அள்ளி, கட்டைவிரலால் மெல்லத் தள்ளிவிடவேண்டும். விரல்நுனி தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே இருக்கட்டும். கை தரையை ஒட்டினால் கோடு தடிக்கும், மிகவும் உயர்ந்தால் சிதறும். நடுவில் கோடு விட்டுப்போனால் மாவு தீர்ந்துவிட்டது, அல்லது விரல் வேர்த்திருக்கிறது. விரலைத் துணியில் துடைத்துவிட்டு, கோடு விட்ட இடத்துக்கு அரை அங்குலம் முன்னாலிருந்தே மறுபடி இழுங்கள், ஒட்டுப்போட்டது தெரியாது. முதுகுவலி உள்ளவர்கள் குனிந்து போடவேண்டாம், தாழ்வான மணையில் உட்கார்ந்து போடலாம்.

புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம். நடு வரிசையை முதலில் வைத்துவிட்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால், நம் பக்கம் வர வர இடைவெளி மாறிப்போகும். பிறகு எந்த வளைவும் சரியாக உட்காராது.

இனி இழை. இதற்கு மனப்பாடம் எதுவும் வேண்டாம், ஒரே விதிதான். அக்கம்பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே இழை எப்போதும் குறுக்காக, மூலைவாக்கில் போகவேண்டும். இழை இழையை வெட்டும் இடத்தில் திரும்பாதீர்கள், நேரே போங்கள். புள்ளிக்கூட்டத்தின் ஓரம் வந்தால் மட்டும் அங்கே இருக்கும் புள்ளியை வெளிப்பக்கமாகச் சுற்றி வளைத்து உள்ளே வாருங்கள். மூலைப் புள்ளி வந்தால் ஒரே வீச்சில் இரண்டு வெளிப்பக்கத்தையும் சுற்றவேண்டும். அவ்வளவுதான். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு போனால், 3க்கு 4 கோலத்தில் இழை எங்கும் அறுபடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

சரியாக வந்ததா என்று பார்க்க, இழை வெட்டிக்கொள்ளும் இடங்களை எண்ணுங்கள். இந்த இடத்தைச் சிக்கு என்றே வைத்துக்கொள்வோம். படுக்கைவாக்கில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே 9, மேலும் கீழுமாக இருப்பவற்றுக்கு நடுவே 8, ஆக 17 சிக்கு இருக்கவேண்டும். எங்காவது இழை ஒரு தடவை மட்டும் போயிருந்தால், அதற்கு முன்னால் எங்கோ தவறாகத் திரும்பியிருக்கிறீர்கள்.

தரையில் இறங்குமுன் கட்டம் போட்ட நோட்டில் இரண்டு நாள் பென்சிலால் போட்டுப் பாருங்கள். கோடுகள் சந்திக்கும் மூலையில், இரண்டு கட்டத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைத்தால், இழை ஒவ்வொரு கட்டத்தின் குறுக்கேயும் சரியாக விழும். தரையில் வரும் பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏன் 3க்கு 4? பார்க்க லட்சணமாக இருக்கிறதே என்று 4க்கு 4, 5க்கு 5 எடுப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வரிசை எண்ணிக்கை, ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கை, இந்த இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண் எவ்வளவோ, எல்லாச் சிக்கும் போட்ட கோலத்தில் அத்தனை இழை வரும். 3, 4க்கு அது 1. ஆகவே ஒரே இழை. 4க்கு 4 என்றால் நான்கு தனி இழை, 5க்கு 5 என்றால் ஐந்து. ஒற்றை இழையில் முடிக்கப் பார்த்து, முடியாமல் தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். கையில் குறையில்லை, கணக்கு அப்படி. 2க்கு 3, 3க்கு 5, 4க்கு 5 எல்லாம் ஒற்றை இழைதான். கோலத்துக்குள் இருக்கும் இந்த ஒழுங்கை 1970களிலேயே தாம்பரம் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்தார்கள்.

முதல் வாரம் முழுக்க இந்த ஒரே கோலத்தைப் போடுங்கள். சலிப்பாக இருக்கும்தான், ஆனால் கைக்கு அது தேவை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, யோசிக்காமலே கை ஓரத்தில் வளைய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகுதான் விளையாட்டு.

நடு வரிசையில் இரண்டாம், மூன்றாம் புள்ளிகளுக்கு நடுவே உள்ள சிக்கைப் பாருங்கள், கோலத்தின் நட்டநடு அது. அந்த ஒரு சிக்கை மட்டும் அவிழ்க்கலாம். அதாவது, அங்கே இழைகள் வெட்டிக்கொள்ளாமல் ஒதுங்கிப் போகும். அவிழ்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, இழைகள் அந்த இரண்டு புள்ளிக்கும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஓடி, இரண்டையும் ஒரே கூட்டுக்குள் சேர்ப்பது. மற்றது, நடுவில் புகுந்து இரண்டையும் தனித்தனியாகப் பிரிப்பது. சேர்த்துப் போட்டால் கோலம் ஒரே இழையாகவே இருக்கும். பிரித்துப் போட்டால் இரண்டு இழையாகிவிடும். ஒரு காலையில் சேர்த்தும் மறுநாள் பிரித்தும் போட்டுப் பாருங்கள். மாறியது அரை அங்குல இடம்தான், ஆனால் முழுக்கோலத்தின் முகமே வேறாகத் தெரியும்.

17 சிக்கில் ஒவ்வொன்றையும் அப்படியே விடலாம், சேர்க்கலாம், பிரிக்கலாம் என்று மூன்று வழி. எல்லாவற்றையும் பெருக்கினால் 12,91,40,163 கோலம். திருப்பிப் பார்த்தால் ஒன்றுபோல் இருப்பவையும் இதில் அடக்கம், அவற்றைக் கழித்தாலும் கோடிக்கணக்கில் மிஞ்சும். எல்லாமே அழகாக இருக்கும் என்றில்லை. அழகுக்கு ஒரு வழி, இடப்பக்கம் ஒன்றை அவிழ்த்தால் வலப்பக்கமும் அதே இடத்தில் அதே விதமாக அவிழ்ப்பது. முதலில் ஒரு நாளைக்கு ஒரு ஜோடி போதும். நான்கைந்து ஜோடியை ஒரேயடியாக அவிழ்த்தால் கோலம் துண்டு துண்டாகி, வளையல் கொட்டிக் கிடப்பது மாதிரி ஆகிவிடக்கூடும்.

4க்கு 4 போடவேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கும் இங்கேதான் வழி இருக்கிறது. இரண்டு தனி இழைகள் வெட்டிக்கொள்ளும் ஒரு சிக்கை எந்த விதத்தில் அவிழ்த்தாலும் அவை ஒன்றாகச் சேர்ந்துவிடும். நான்கு இழையை ஒன்றாக்க அப்படி மூன்று சிக்கு. கலர் பென்சிலால் ஒவ்வோர் இழையையும் ஒவ்வொரு நிறத்தில் போட்டால், எந்தச் சிக்கில் எந்த இழைகள் சந்திக்கின்றன என்று பளிச்சென்று தெரியும். ஒன்றை அவிழ்த்ததும், ஒட்டிப்போன இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

தரையில் தப்பு வருவதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும், பலர் கோலத்தை விடுவதே அதனால்தான். நேரே போகவேண்டிய இடத்தில் இழையை வளைத்துவிட்டால் முழுக்க அழிக்காதீர்கள். இப்போது உங்களுக்கே தெரியும், அது தப்பில்லை, அவிழ்ந்த ஒரு சிக்கு. எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தில் அதே மாதிரி வளைத்துவிடுங்கள், அன்றைக்கு அதுதான் புதுக்கோலம். பிடித்திருந்தால் வீட்டுக்குள் வந்ததும் நோட்டில் வரைந்து தேதி போடுங்கள். போட்டோ எடுத்தால் கோலம்தான் பதியும். நோட்டில் திரும்ப வரையும்போதுதான் இழை போன வழி மனதில் பதியும்.

நாளைக்கு எந்தச் சிக்கை அவிழ்ப்பது என்று ராத்திரி படுக்கும்முன்பே நோட்டில் குறித்துவிடுங்கள். விடியற்காலையில் வாசலில் நின்று யோசித்தால் நேரம் போகும், அலுப்பு வரும். நேரமில்லாத நாளில் 2க்கு 3 போடுங்கள், ஆறு புள்ளி, ஏழே சிக்கு, இரண்டு நிமிடம். குழந்தைகளுக்கும் முதலில் இதையே கொடுக்கலாம்.

மழைக்காலத்தில் மாவு நிற்காது. பச்சரிசி ஒரு கைப்பிடியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைஸாக அரைத்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். சின்னத் துணியை நனைத்து உள்ளங்கையில் பிடித்துப் பிழிந்தால், மோதிர விரல் வழியாக இழை இறங்கும். போடும்போது ஒன்றுமே தெரியாது, தரை வெறும் ஈரமாகத்தான் இருக்கும். அங்கேயே நிற்காதீர்கள். உள்ளே போய்க் காபி போட்டுவிட்டு வந்து பாருங்கள், காய்ந்து வெள்ளையாக எழுந்திருக்கும்.