ஏழாம் நாளில் தெரியும் தவறுகள்: பசுவிடம் கருமுட்டை எடுத்துக் கரு வளர்க்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஏழாம் நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். 40 முட்டைகள் போட்டதில் 6 மட்டும்தான் மாற்றத் தகுந்த கருவாகியிருக்கின்றன. முதல் சந்தேகம் இன்குபேட்டர் மேல். அடுத்தது கரு வளரும் திரவமான மீடியம் மேல். அப்புறம் காளையின் விந்து மேல். பசுவின் மேல் சந்தேகம் கடைசியில்தான் வரும். சில இடங்களில் வருவதே இல்லை.

இந்த வேலையின் சிக்கலே இதுதான். தவறு செய்யும் நாள் ஒன்று, அது கண்ணுக்குத் தெரியும் நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே சில சமயம் ஒரு வாரம், சில சமயம் இரண்டு மாதம்கூட இருக்கும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்தரப் பசுவின் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் கருவியைச் செலுத்தி, திரையில் சினைப்பையைப் பார்த்துக்கொண்டே ஊசியால் ஃபாலிக்கிள்களில் (முட்டை வளரும் சிறு நீர்ப்பைகளில்) இருந்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பது முதல் கட்டம். இதைத்தான் ஓ.பி.யூ. என்கிறோம். எடுத்த முட்டைகள் 22 முதல் 24 மணி நேரம் முதிர்ச்சிக்கு வைக்கப்படும். பிறகு ஏறக்குறைய 18 மணி நேரம் விந்தணுவோடு இருக்கும். அதன்பின் வளர்ப்பு மீடியத்தில் ஏழாம் நாள்வரை வளர்ந்து பிளாஸ்டோசிஸ்ட் ஆகும், அதாவது வேறொரு பசுவின் கருப்பைக்கு மாற்றத் தகுந்த கரு. எல்லாம் சரியாக நடந்தாலும் 100 முட்டைக்கு 30 முதல் 40 கரு வந்தாலே நல்ல கணக்கு.

எத்தனை முட்டை கருவாகும் என்பதைப் பெரும்பாலும் முட்டையின் தரம்தான் தீர்மானிக்கிறது. வந்த கரு எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதைத்தான் வளர்ப்புச் சூழல் தீர்மானிக்கிறது. ஆகவே எண்ணிக்கை குறைந்தால் பசுவரைக்கும் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை நன்றாக இருந்தும், உறையவைத்து எடுத்த கருக்கள் பிழைக்கவில்லை என்றால் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பசுவிடமே தொடங்கும் பிழைகள்

பால் அளவையும் பரம்பரையையும் மட்டும் பார்த்து, முட்டை தரும் கொடைப் பசுவைத் தேர்ந்தெடுப்பது பரவலான பழக்கம். மரபுத்தரம் முக்கியம்தான். ஆனால் சினைப்பையில் எத்தனை ஃபாலிக்கிள்கள் இருக்கின்றன என்பது பசுவுக்குப் பசு பெரிதும் மாறும். ஒரே பசுவில் அது ஓரளவு நிலையாக இருக்கும். ஒருமுறை ஸ்கேன் செய்து எண்ணினாலே ஒரு மதிப்பீடு கிடைத்துவிடும். ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோனை இரத்தத்தில் அளந்தும் கணிக்கலாம். திமில் உள்ள இனங்களில் பொதுவாக முட்டை அதிகம் கிடைக்கும். அந்த எண்ணிக்கையைத் திமில் இல்லாத கறவை இனத்திடம் எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. இளங்கன்றுகளிடம் இருந்தும் முட்டை எடுக்க முடியும். ஆனால் வளர்ந்த பசுவின் முட்டை அளவுக்கு அவை கருவாவதில்லை.

இதைவிட அதிகம் கவனிக்காமல் விடப்படுவது பசுவின் கடந்த சில மாதங்கள். இன்று உறிஞ்சும் முட்டை இன்று உருவானதல்ல. சிறு ஃபாலிக்கிளாகத் தொடங்கி இந்த அளவுக்கு வளர அதற்குப் பல வாரங்கள் தேவைப்பட்டிருக்கும். அந்த நாட்களில் கடும் வெப்பம், காய்ச்சல், மடிநோய், தீவனக் குறைவு எது வந்திருந்தாலும் முட்டையில் அதன் தழும்பு இருக்கும். வெயில் காலம் முடிந்து பசு நன்றாக மேயத் தொடங்கிய பிறகும் முட்டையின் தரம் உடனே மீளாமல் இருப்பது இதனால்தான்.

கன்று ஈன்று சில வாரமே ஆன உயர்பால் பசுவும் அப்படித்தான். பாலுக்குப் போகும் சக்தி தீவனத்தில் இருந்து வரும் சக்தியைவிட அதிகமாகும்போது உடல் தன் கொழுப்பைக் கரைக்கிறது. அந்தக் கொழுப்பு அமிலங்கள் ஃபாலிக்கிள் நீருக்குள்ளும் வந்து முட்டையைப் பாதிக்கின்றன. இதைச் சரிக்கட்டப் புரதத்தை அள்ளிக் கொட்டினால் இரத்தத்தில் யூரியா ஏறி இன்னொரு தொல்லை. பசு மெலியாமல், ஒரேயடியாகக் கொழுக்காமல், நிலையான உடல்கட்டில் இருக்கும்போது எடுப்பதே நல்லது. பால் உச்சம் குறையும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஹார்மோன் ஊசி போடும் நேரம்

என் கணக்கில் அதிக முட்டைகள் வீணாவது இங்கேதான். பசுவின் 21 நாள் சுழற்சியில் ஃபாலிக்கிள்கள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளரும். ஒவ்வொரு அலையிலும் ஒன்று மட்டும் பெரிதாகி மற்றவற்றை அமுக்கிவிடும். சினைப்பையில் அப்படிப்பட்ட பெரிய ஃபாலிக்கிள் உட்கார்ந்திருக்கும்போது ஃபாலிக்கிள்களை வளர்க்கும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோன் ஊசியைத் தொடங்கினால் பணம் தண்ணீராகக் கரையும், பலன் வராது. முதலில் பெரிய ஃபாலிக்கிள்களை ஊசியால் உடைத்துவிட வேண்டும். ஒன்றரை நாளில் புது அலை கிளம்பும். ஹார்மோனை அப்போது தொடங்க வேண்டும்.

இந்த ஹார்மோன் உடலில் நீண்ட நேரம் தங்காது. அதனால்தான் 12 மணி நேர இடைவெளியில் பிரித்துப் போடுகிறோம். “மாலை ஊசி விட்டுப்போச்சு, காலையில் சேர்த்துப் போட்டுக்கலாம்” என்பது இங்கே எடுபடாது.

அடுத்த பிழை கடைசி ஊசி போட்ட உடனே முட்டை எடுக்க ஓடுவது. கடைசி ஊசிக்குப் பிறகு ஏறக்குறைய 36 முதல் 48 மணி நேரம் எதுவும் போடாமல் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஃபாலிக்கிள் வளர்கிறது. முட்டையும் கருவாகும் தகுதியை எட்டுகிறது. இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் எண்ணிக்கையில் குறை தெரியாது, ஏழாம் நாளில்தான் தெரியும்.

ஹார்மோனே வேண்டாம் என்பவர்கள் வாரம் இரண்டு முறை, மூன்று நான்கு நாள் இடைவெளியில் முட்டை எடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஃபாலிக்கிள்கள் காலியாவதால் புது அலை கிளம்பும். பெரியது ஒன்று தலையெடுக்கும் முன்பே அடுத்த முறை வந்துவிடும். நல்ல முறைதான், ஒழுங்காகச் செய்தால். நடுவில் ஒரு தடவை விட்டுவிட்டால் பெரிய ஃபாலிக்கிள் உருவாகி மற்றவை அழியத் தொடங்கும். அதன்பிறகு வரும் முட்டைகளில் பாதி தேறாதவை.

ஊசி முனையில்

பசு அசையாமல் இருக்க வால் அடியில் முதுகுத்தண்டு மயக்க ஊசி போடுகிறோம். 2 சதவீத லிடோகெய்னில் 5 மில்லி அளவே பெரும்பாலும் போதும். கூடினால் பின்னங்கால் தள்ளாடிப் பசு உட்கார்ந்துவிடும், அன்றைய வேலையும் உட்கார்ந்துவிடும்.

உறிஞ்சும் வேகத்தில்தான் ஆளாளுக்கு ஒரு கணக்கு. பம்ப்பின் திரையில் தெரியும் அழுத்த எண்ணை ஒருவரிடம் இருந்து இன்னொருவர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண் தனியாக நின்று எதையும் சொல்லாது. ஊசியின் துளை அளவு, குழாயின் நீளம், அடைப்பானின் இறுக்கம் ஆகியவை மாறினால் அதே அழுத்தத்தில் நீர் வரும் வேகம் மாறிவிடும். வேலை தொடங்கும் முன் ஊசி முனையைத் தண்ணீரில் வைத்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வருகிறது என்று அளந்து பாருங்கள். 10 முதல் 20 மில்லிக்குள் இருந்தால் சரி. வேகம் கூடினால் முட்டையைச் சுற்றியுள்ள குமுலஸ் செல்கள் உரிந்து முட்டை அம்மணமாக வரும். அந்த செல்கள்தாம் முட்டை முதிர்வதற்கு உணவும் சமிக்ஞையும் கொடுப்பவை. அவை போய்விட்ட முட்டையை நல்ல முட்டைகளோடு சேர்த்து எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. வேகம் குறைந்தாலோ முட்டை ஃபாலிக்கிளிலேயே தங்கிவிடும்.

மழுங்கிய ஊசியும் ஒரு காரணம். ஃபாலிக்கிளைக் குத்தாமல் தள்ளிக்கொண்டு போகும், இரத்தம் கசியும். ஊசிக்குச் செலவிட யோசிப்பவர்கள் ஹார்மோனுக்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். சேகரிக்கும் மீடியத்தில் ஹெப்பாரின் இல்லாவிட்டால் இரத்தம் உறைந்து, முட்டைகள் அந்தக் கட்டிக்குள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு நுண்ணோக்கியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. சேகரிக்கும் குழாயைச் சூட்டுத் தாங்கியில் வைத்திருப்பார்கள். ஆனால் பசுவுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மீட்டர் ரப்பர் குழாய் குளிரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரே பசுவை வாரக்கணக்கில் இடைவிடாமல் குத்திக்கொண்டே இருந்தால் சினைப்பையில் தழும்பு ஏறும், ஒட்டுதல்கள் வரும். சுத்தமில்லாமல் செய்தால் தொற்றும் சேரும். பசுவுக்கு ஓய்வு கொடுப்பது இரக்கம் மட்டுமல்ல, பிழைப்புக்கும் நல்லது.

ஆய்வகத்துக்குள்

இன்குபேட்டர் திரையில் 38.5 டிகிரி என்று காட்டினால் உள்ளேயும் அதேதான் என்று நம்பிவிடாதீர்கள். தட்டு இருக்கும் இடத்தில் தனி வெப்பமானி வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். 5 சதவீதம் என்ற எண் முக்கியமல்ல, அது மீடியத்தின் அமிலத்தன்மையை எங்கே நிறுத்துகிறது என்பதே முக்கியம். பைகார்பனேட் உள்ள மீடியத்தை வெளிக்காற்றில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே அது காரமாகிவிடும். வெளியே கையாள, அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் ஹெப்பெஸ் கலந்த மீடியம் தனியாக வேண்டும். அதையே இன்குபேட்டருக்குள் வைப்பதும் தவறு.

கருவூட்டலுக்குப் பின் வளர்ப்புக்கு ஆக்சிஜன் 5 சதவீதம் அளவுக்குக் குறைவாக இருப்பதே ஏற்றது. கருக்குழாயில் இருக்கும் ஆக்சிஜனும் வெளிக்காற்றில் இருப்பதைவிட மிகக் குறைவு.

காளை விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. சினை ஊசியில் நன்றாகச் சினைப்பிடிக்க வைக்கும் காளை ஆய்வகத் தட்டிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்பது. பல காளைகள் நடந்துகொள்வதில்லை. விலையுயர்ந்த கொடைப் பசுவின் முட்டையில் புதுக் காளையின் விந்தைச் சோதிப்பதற்குப் பதிலாக, இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் சினைப்பைகளின் முட்டையில் முதலில் பார்த்துவிடலாம். பலன் குறைகிறது என்று விந்தணுவை அளவுக்கு மேல் சேர்ப்பவர்களும் உண்டு. ஒரு முட்டைக்குள் இரண்டு மூன்று விந்தணுக்கள் நுழைந்தால் அது செல்களாகப் பிளவுபடும், பார்க்க அழகாக இருக்கும், வழியில் நின்றுவிடும்.

இங்கேதான் கணக்கு ஏமாற்று வேலையும் நடக்கிறது. பிளவுபட்ட முட்டைகளில் எத்தனை கருவானது என்று ஒருவர் சொல்வார். மொத்த முட்டைகளில் எத்தனை என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு எண்களும் வெகு தூரம் தள்ளி இருக்கும். உங்கள் பதிவேட்டில் எடுத்த முட்டை, முதிர்ச்சிக்குப் போட்டது, பிளவுபட்டது, ஏழாம் நாள் கரு, மாற்றியது, சினைப்பிடித்தது எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கட்டும். பசுவின் பெயர், எடுத்தவரின் பெயர், காளை, மீடியத்தின் தொகுதி எண் எல்லாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தாங்கு பசுவுக்கு மாற்றும்போது

நாள் எண்ணுவதில் பெரிய குழப்பம் வருகிறது. ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்த நாள் பூஜ்யம். கருவைச் சுமக்கப்போகும் தாங்கு பசுவுக்குப் பருவத்துக்கு வந்த நாள் பூஜ்யம். ஆனால் முட்டை வெளிவருவது பருவம் தொடங்கி ஏறக்குறைய 28 மணி நேரத்துக்குப் பின்புதான். ஆகவே ஏழு நாள் கருவைப் பருவத்துக்கு வந்து ஏழு அல்லது எட்டு நாளான பசுவுக்கு வைப்பதே பொருந்தும். ஒரு நாளுக்கு மேல் விலகினால் சினைப்பிடிப்பது குறையும்.

மாற்றும் முன் கருவைத் தரம் பிரிப்பது கடினம் அல்ல, ஆனால் ஆசை குறுக்கே வரும். நடுத்தரமான கருவை நல்லது என்று எழுதிவிட்டால் அன்றைக்கு மகிழ்ச்சி, சினைப் பரிசோதனை நாளில் வருத்தம். உறையவைக்கும்போது இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்ந்த கருவில் கொழுப்பு அதிகம், குளிரை அது அவ்வளவாகத் தாங்காது. ஆகவே முதல் தரக் கருக்களை மட்டும் உறையவைத்து, மற்றவற்றை அன்றே பசுவுக்கு மாற்றிவிடுவது நல்ல வழக்கம்.

வளர்ப்பு மீடியத்தில் சீரம் (இரத்தத்தில் இருந்து பிரிக்கும் தெளிநீர்) சேர்க்கும் பழக்கத்தில் ஒரு ஆபத்து உண்டு. இப்படி வளர்ந்த கருவில் இருந்து சில சமயம் இயல்பைவிடப் பெரிய கன்று வருகிறது. சினைக்காலமும் நீளலாம், ஈனும்போது சிக்கல் வரலாம். தாங்கு பசுவாகச் சின்ன உடல்வாகு கொண்ட கிடேரியைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த ஏழு நாள் மீடியம் ஒன்பதாவது மாதக் கடைசியில்தான் நினைவுக்கு வரும்.