கடலோர வண்டிக்குத் துருத் தடுப்பு மெழுகு: ஸ்ப்ரே கன் பிடித்து அடிக்கும் முறை

தூத்துக்குடி, நாகப்பட்டினம், ராமேஸ்வரம், சென்னையில் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் ஓடும் வண்டிகளில் பெயிண்ட் கொப்பளித்துத் துரு கண்ணுக்குத் தெரிகிறதென்றால், உள்பக்கம் தகடு ஏற்கெனவே பாதி போயிருக்கும். கதவின் அடிமடிப்பு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பெட்டி, சேஸிஸின் உட்புறம், டிக்கி மூடியின் ஓரம் என்று தகடும் தகடும் சேரும் இடங்களில்தான் ஆரம்பம். அங்கே படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையில்லாத மாதத்திலும் துரு ஏறும். மீன் ஏற்றும் குட்டி யானைகளின் நிலை இன்னும் மோசம். ஐஸ் உருகி வழியும் உப்புத்தண்ணீர் நேராக சேஸிஸில்தான் இறங்குகிறது.

அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்தால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. பெட்டிகளின் உள்ளே அது எட்டவே எட்டாது. வெளியேயும், கல் தெறித்து ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பின்னால் தண்ணீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். துருத் தடுப்பு மெழுகு அப்படியில்லை, முழுக்க இறுகாது. சின்னக் கீறல்களைத் தானே ஓரளவு மூடிக்கொள்ளும்.

இரண்டு வகை மெழுகு வேண்டும். பெட்டிகளுக்குள் அடிக்க கேவிட்டி வாக்ஸ். நல்லெண்ணெய் போல மடிப்புக்குள் ஊர்ந்து போக வேண்டும். அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவான வீல் ஆர்ச்சுக்கும் கெட்டியான அண்டர்பாடி வாக்ஸ். சின்ன ஹேட்ச்பேக் காருக்கு முதலாவது 2 முதல் 3 லிட்டர், இரண்டாவது சுமார் 3 லிட்டர் பிடிக்கும்.

50 லிட்டர் டேங்க் உள்ள கம்ப்ரஸர் போதும். அழுத்தம் 4 முதல் 6 பார், அதாவது 60 முதல் 90 பி.எஸ்.ஐ. கன் என்றால் 1 லிட்டர் டப்பாவை நேராகத் திருகி மாட்டும் வகை, அல்லது கப்புக்குள் காற்றழுத்தம் கொடுத்து மெழுகைத் தள்ளும் வகை. சாதாரண பெயிண்ட் கன் சரிப்படாது. கூடவே சுமார் ஒரு மீட்டர் நைலான் குழாயும், அதன் நுனியில் சுற்றிலும் பீய்ச்சும் நாசிலும் தேவை. கம்ப்ரஸர் டேங்கின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, லைனில் வாட்டர் செபரேட்டர் மாட்டுங்கள். கடலோர ஈரக்காற்றில் டேங்குக்குள் தண்ணீர் சேராமல் இருக்காது. அதை மெழுகோடு சேர்த்து அடித்தால் துருவை நாமே உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும்.

பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். வாட்டர் சர்வீஸில் அடிப்பாகத்தைக் கழுவி, வீல் ஆர்ச்சின் உதட்டில் அடைந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, குறைந்தது இரண்டு நாள் காய விடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, சில் பெட்டியின் ரப்பர் பிளக்கைக் கழற்றி, கம்பி நுனியில் வெள்ளைத் துணி சுற்றி உள்ளே ஓட்டி எடுங்கள். துணியில் ஈரம் தெரிந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். உதிரும் துருவை வயர் பிரஷால் தேய்த்து, மிச்சத் துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, எபாக்ஸி பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகே மெழுகு.

பிரேக் டிஸ்க், டிரம், காலிப்பர், சைலன்சர் பைப், பெல்ட், ரப்பர் புஷ், ஒயரிங் கனெக்டர் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரால் சுற்றி டேப் ஒட்டுங்கள். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணுக்குள் சீட் பெல்ட் சுருளும் பெட்டி இருக்கிறது. கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கலாம். அங்கெல்லாம் குழாயை விடவே கூடாது. வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். தூசி மாஸ்க் இந்த வேலைக்கு உதவாது. ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். பக்கத்தில் நெருப்பு ஆகாது.

முதலில் குழாயை ஒரு காலி அட்டைப்பெட்டிக்குள் விட்டு அடித்துப் பாருங்கள். நான்கு பக்கமும் மெல்லிய பனிப்படலம் போல விழ வேண்டும். கோடு கோடாகவோ சொட்டாகவோ விழுந்தால் நாசில் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் அழுத்தம் போதவில்லை. நாசிலுக்கு ஒரு சாண் முன்னால் குழாயில் சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். வெளியே இழுக்கும்போது டேப் தெரிந்ததும் விசையை விட்டுவிடலாம். முகத்தில் மெழுகு வாங்க வேண்டியதில்லை.

இனி, குழாயை முட்டும் வரை உள்ளே செலுத்தி, அதன் பிறகே விசையை அழுத்தி, ஒரே வேகத்தில் மெதுவாக வெளியே இழுங்கள். உள்ளே தள்ளிக்கொண்டே அடித்தால் படலம் ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் விட்டுப்போகும். ஒரு மீட்டருக்குப் பத்து நொடி கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் தடுப்புத் தகடுகள் இருக்கும். ஒரே ஓட்டையோடு நிறுத்தாமல் எதிர்ப்பக்கத்து ஓட்டையிலிருந்தும் ஒரு முறை அடிக்க வேண்டும். மடிப்பின் விளிம்பில் மெழுகு கசிந்து வந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவுக்கு அடிக்கும்போது கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, அடிமடிப்பை மட்டும் குறிவையுங்கள்.

நிழலில், காலையில் செய்யுங்கள். மதிய வெயிலில் சுட்ட தகட்டில் மெழுகு இளகி மொத்தமாகக் கீழே ஓடி, மேல்பாகம் வெறுமையாகிவிடும். ஊட்டி, கொடைக்கானலில் பிரச்சினை தலைகீழ். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சீராக வரும். அடுப்பில் வைத்துவிட வேண்டாம்.

அடித்து முடித்த அரைமணியில் கதவு, சில் ஆகியவற்றின் வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள். இதை விட்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே நிற்கும், செய்த வேலையே எதிரியாகிவிடும். ரப்பர் பிளக்குகளை மறுநாள் மாட்டலாம். இரண்டு மூன்று நாள் சொட்டும். டைல்ஸ் தரையில் நிறுத்தாதீர்கள். பெயிண்டில் பட்டதை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, ஷாம்பு போட்டுக் கழுவலாம். கன்னையும் குழாயையும் அன்றே மண்ணெண்ணெய் ஓட்டிக் கழுவாவிட்டால் மறுமுறை குழாயைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

பின்னாளில் டிங்கரிங் பட்டறைக்கு வண்டி போனால், உள்ளே மெழுகு இருப்பதை வெல்டிங் வைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தீப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் வீல் ஆர்ச்சின் பின்விளிம்பைப் பாருங்கள். கல் அடித்து மெழுகு போயிருப்பது முதலில் அங்கேதான். அதற்கு கன் எடுக்க வேண்டாம், பிரஷில் தொட்டுத் தடவினாலே போதும்.