போட்டிக்கு நாயைப் பழக்கும்போது பிஸ்கட்டைத் தள்ளி வையுங்கள்

கீழ்ப்படிதல் போட்டிகளில் பொதுவாகக் களத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரே கட்டளையை இரண்டாம் முறை சொன்னாலும் மதிப்பெண் போகும். அதனால் பயிற்சியிலேயே 'உட்கார்' என்று ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். 'உட்கார், உட்கார், உட்காருடா' என்று பழக்கினால் அந்த 'டா'வுக்குத்தான் அது உட்காரும்!

பிஸ்கட்டைக் கையிலோ சட்டைப்பையிலோ வைக்காமல் சற்றுத் தள்ளி மேசைமேல் வையுங்கள். சொன்னதைச் செய்ததும் 'சபாஷ்' சொல்லி, நாயையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் எடுத்துக் கொடுங்கள். கை காலியாக இருந்தாலும் பரிசு உண்டு என்பது அதற்குப் பிடிபட்டுவிடும்.

அப்புறம், இருந்த இடத்திலேயே அசையாமல் இருக்கச் சொல்லும் 'இரு' கட்டளையைப் பழக்கும்போது நேரத்தையும் நீங்கள் தள்ளி நிற்கும் தூரத்தையும் ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். பரிசை நாய் இருக்கும் இடத்துக்கே திரும்பிப் போய்க் கொடுங்கள். கூப்பிட்டுக் கொடுத்தால் பாதியிலேயே எழுந்து வரத் தொடங்கிவிடும்.