கேமரா சுமக்கும் ரிமோட் விமானம்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூருக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றியபின் பல மாதங்கள் வெறும் பொட்டலாகக் கிடக்கும் ஒரு கண்மாயில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலர் ரிமோட் விமானங்களைப் பறக்கவிடுகிறோம். அண்மையில் அங்கே புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவர், முதல்நாள்தான் பிரித்த விமானத்தின் மூக்கில் ரப்பர் பேண்டும் இரட்டைப்பக்க டேப்பும் போட்டு ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே வேலையை, அதே நம்பிக்கையுடன், ஏறத்தாழ அதே நிறத்து டேப்பைக் கொண்டு அவர் செய்வதைப் பார்த்தபோதுதான் இதை எழுதத் தோன்றியது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறப்பது, இறக்கையைச் சாய்க்கும் பலகையான எய்லரானைத் தலைகீழாக இணைப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்யமாட்டார். வாங்கும்போதே நிகழ்ந்துவிடுகிற, பிறகு எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் சரிசெய்ய முடியாத தவறுகளே இங்கு பேச்சு.

நின்ற இடத்திலிருந்து படமெடுக்க விமானம் வாங்குவது

விமானம் நிற்காது. கோபுரத்தின் எதிரே அசையாமல் நின்று படமெடுக்க வேண்டுமென்றால் நான்கு விசிறி ட்ரோனை வாங்குங்கள்.

கேமராவின் எடையை மட்டும் கணக்கில் கொள்வது

இந்த ஒரு தவறு எனக்கு 22,000 ரூபாய் செலவு வைத்தது. பணம் போனதைவிட, அதற்குக் காரணமான ஒரு வாக்கியம்தான் இன்றும் எரிச்சலூட்டுகிறது. "முந்நூறு கிராம் தாராளமாத் தூக்கும் சார்" என்று கடைக்காரர் சொன்னார். என் கேமரா 120 கிராம்தான் என்பதால், இன்னும் 180 கிராம் மிச்சமிருக்கிறது என்று நான் மகிழ்ச்சியடைந்தேன். அவர் பொய் சொல்லவில்லை. விமானம் தூக்கத்தான் செய்தது. தூக்குவது வேறு, தூக்கியபின் பறப்பது வேறு என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நடந்ததைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். அந்த விமானத்தின் இறக்கை நீளம் 140 செ.மீ., சராசரி அகலம் 18.5 செ.மீ. ஆகவே இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 26 சதுர டெசிமீட்டர். பேட்டரியோடு பறக்கும் எடை 700 கிராம். ஒரு சதுர டெசிமீட்டருக்கு 27 கிராம் என்பது கற்றுக்கொள்பவருக்கு மிகவும் இணக்கமான இறக்கைச் சுமை. கையை எடுத்துவிட்டாலும் தானே மிதக்கும். அதில் 120 கிராம் கேமராவை மூக்கில் வைத்தேன். அதைத் தாங்கப் பிளைவுட்டில் செய்த தட்டும் ஸ்க்ரூக்களும் 60 கிராம் வந்தன. எடை கூடியதால் பறக்கும் நேரம் குறையுமே என்று 1300 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரியை எடுத்துவிட்டு 2200 எம்.ஏ.எச். பேட்டரியைப் போட்டதில் 70 கிராம் ஏறியது.

இப்போது விமானத்தின் இரு இறக்கைகளையும் அடியில் விரல்நுனிகளால் தாங்கிப் பிடித்தால், சமமாக நிற்க வேண்டிய அது மூக்கைத் தரையில் குத்தியது. பேட்டரியைப் பின்னால் தள்ளலாமென்றால், அங்கே இறக்கையை இணைக்கும் கார்பன் குழாயும், பலகைகளை அசைக்கும் சர்வோ மோட்டார்களும் இருந்தன. எனவே தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து, சி.ஜி. (எடை சமநிலையாகும் புள்ளி) சரியான இடத்துக்கு வரும்வரை வாலில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். கேமராவும் தட்டும் சி.ஜி.யிலிருந்து 20 செ.மீ. முன்னால், கூடுதல் பேட்டரி எடை 10 செ.மீ. முன்னால், வால் 50 செ.மீ. பின்னால் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால், 86 கிராம் ஈயம் தேவைப்படும். ஒட்டியதும் அவ்வளவுதான். ஆக, 120 கிராம் கேமரா ஒன்று விமானத்தில் 336 கிராமாக வளர்ந்துவிட்டது. பறக்கும் எடை 1,036 கிராம், இறக்கைச் சுமை 40.

இதன் விளைவு என்னவென்றால், ஒரு விமானம் இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காமல் விழும் என்று ஒரு வேகம் இருக்கிறதல்லவா, அந்த ஸ்டால் வேகம் எடையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். என் விமானத்துக்கு அது மணிக்கு 24 கி.மீ. என்பதிலிருந்து ஏறத்தாழ 29 ஆனது. ஐந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இது நேராகப் பறக்கும்போது உள்ள கணக்கு. 60 பாகை சாய்த்து, உயரம் குறையாமல், மூக்கைத் தூக்கும் வால் பலகையான எலிவேட்டரை இழுத்துத் திருப்பும்போது இறக்கை இருமடங்கு எடையைச் சுமக்கிறது. ஸ்டால் வேகம் 1.41 மடங்காகிறது. 29 என்பது அங்கே 41. கேமரா இல்லாத நாட்களில் நான் வழக்கமாகத் திருப்பிய வேகமும் அதுவே.

அன்று மேற்கிலிருந்து ஆடிக் காற்று. காற்றோடு போகும்போது தரைக்கு மேலே விமானம் பாய்ந்து செல்வதுபோல் தெரிந்ததால், நான் த்ராட்டிலை, அதாவது மோட்டாரின் சக்தியை, குறைத்தேன். அதன் பிறகு கரைப்பக்கம் பனைமரங்கள் வருகின்றனவே என்று பதறி, கூர்மையாகத் திருப்பினேன். இடது இறக்கை மட்டும் தளர்ந்தாற்போல் கீழே சாய்ந்தது, மூக்கு அதைத் தொடர்ந்தது, இரண்டு சுற்றுச் சுழன்று சீமைக்கருவேலப் புதருக்குள் போய் விழுந்தது. சுழற்சியிலிருந்து மீட்கப் போதிய உயரம் இருந்தது. ஆனால் ஒரு முனையில் கேமராவும் மறுமுனையில் ஈயமுமாக, இருபுறமும் குண்டு வைத்த டம்பெல்போல் ஆகிவிட்ட உடல், சுழலத் தொடங்கியபின் எதிர்ப்பக்கம் திருப்பிய ரட்டருக்கு (வாலில் நிற்கும் பலகை) மசியவில்லை. மோதும் வேகமும் கூடி, எடையும் கூடியதால், நல்லபடியாகத் தரையிறங்கியிருந்தாலும்கூட அந்த நுரை உடல் தாங்க வேண்டிய ஆற்றல் பழையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். கேமராவின் லென்ஸ் ஒரு முள்ளுக்குப் பக்கத்தில் தனியாகக் கிடைத்தது.

ஆகவே வாங்கப்போகும் விமானத்தின் விவரத்தில் "இவ்வளவு தூக்கும்" என்ற வரியை விட்டுவிட்டு இரண்டே எண்களைத் தேடுங்கள்: இறக்கைப் பரப்பு, பேட்டரியுடன் பறக்கும் எடை. கேமராவின் எடையை இரண்டால் பெருக்கி அதனுடன் கூட்டுங்கள். கேமராவைச் சி.ஜி.க்குப் பக்கத்திலேயே வைக்க இடமிருந்தால் ஒன்றரையால் பெருக்கினால் போதும். என் விமானத்தில் நடந்ததுபோல் மூக்கில்தான் வைக்க முடியுமென்றால் ஏறத்தாழ மூன்றால் பெருக்க வேண்டும். வரும் கூட்டுத்தொகையைப் பரப்பால் வகுத்தால், ஒன்றரை மீட்டர் அளவிலான நுரை விமானத்துக்கு 35 கிராமைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. கைதேர்ந்தவர்கள் 50, 60 வரை ஓட்டுவார்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை. எல்லையைத் தாண்டினால் பெரிய விமானம் வாங்க வேண்டும் என்பதில்லை. சிறிய கேமரா வாங்குவது மலிவு. கோப்ரோ ஹீரோ பிளாக் வரிசையின் அண்மைக்கால மாதிரிகள் 150 கிராமை ஒட்டி இருக்கும்போது, ரன்கேம் 5 வெறும் 56 கிராம்.

அந்த மாணவரின் விமானத்தை, கண்மாய்க் கரையிலுள்ள மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 1,090 கிராம். அவர் எதுவும் பேசாமல் டேப்பைப் பிரிக்கத் தொடங்கினார்.

முன்புறப் புரொப்பெல்லர்

பழகுவதற்கு முன்புற விசிறி நல்லது. படமெடுக்க அது தொல்லை. கேமராவை அதன் பின்னால் வைத்தால் படம் முழுக்க விசிறியின் வளைந்த நிழல்கள் ஓடும். இறக்கையின் பின்னோரத்துக்கு மேலே மோட்டார் வைத்த பின்தள்ளும் வகையில் மூக்கு முழுதும் கேமராவுக்குக் கிடைக்கிறது, வயிற்றால் இறங்கும்போது விசிறியும் உடைவதில்லை. அதற்கும் ஒரு குணம் உண்டு. மோட்டார் உயரத்தில் இருப்பதால் த்ராட்டிலைத் திடீரென்று கூட்டினால் மூக்கு கீழே அழுந்தும். பழகாதவர்கள் ஆபத்தில் முழுச் சக்தி கொடுத்து, அதனாலேயே தரையில் குத்துவதைப் பார்த்திருக்கிறேன். கையால் எறியும்போது விசிறி விரல்களுக்குப் பின்னால் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கையை விட்டு விலகிய பிறகுதான் மோட்டாரை ஓட்ட வேண்டும்.

கேமராவை இறுக்கிக் கட்டுவது

அசையாமல் இறுக்கினால் படம் அசையாது என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. இந்தச் சிறிய கேமராக்களின் சென்ஸார் படம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவுசெய்வதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே மோட்டாரின் அதிர்வு கேமராவை அசைத்துவிட்டால், நேரான மின்கம்பம் தளும்பும் ஜெல்லிபோல் நெளியும். பேலன்ஸ் செய்த விசிறியும், கேமராவுக்கு அடியில் மெத்தென்ற நுரைத் துண்டும் இதைப் பெருமளவு போக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது, மூக்கில் அந்த நுரைக்கும் சேர்த்து இடம் இருக்கிறதா என்பதே. கேமரா மட்டும் சொருகும் அளவுக்குக் குழி வெட்டிய விமானங்கள் பல உண்டு.

பால்சா மர விமானம்

அழகானது. இரண்டாவது விமானமாக வாங்குங்கள்.

வயிற்றுக்கு அடியில் லென்ஸ்

சக்கரமில்லாத விமானம் ஒவ்வொரு முறையும் லென்ஸின் மேல்தான் இறங்கும்.

எடை வகுப்பைப் பார்க்காமல் வாங்குவது

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் நான்கு விசிறிகளுக்கு மட்டுமல்ல, இறக்கை வைத்த ஆளில்லா விமானங்களுக்கும் பொருந்தும். வகுப்பைத் தீர்மானிப்பது பெட்டியின்மேல் அச்சிட்ட எடையன்று, சுமையையும் சேர்த்த மொத்த எடை. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 2 கிலோவைத் தாண்டினால் ஸ்மால். வணிக நோக்கமின்றி மைக்ரோ வகுப்பில் பறப்பவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதே ஆள் பெரிய கேமரா ஒன்றை ஏற்றி 2 கிலோவைத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடுகிறது. முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்திலும் உயர எல்லை 400 அடி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் 200 அடி. 1.4 மீட்டர் விமானத்தை 400 அடிக்கு ஏற்றினால் அதன் முகம் எந்தப் பக்கம் என்று தெரிவதே பாடு. இறக்கையின் அடிப்பக்கத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகள் ஒட்டிக்கொள்ளுங்கள்.