பல் மருத்துவக் கல்லூரிக்கு முன் ஒரு முதுநிலைப் படிப்பு: தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் நான்காண்டு இளநிலைப் படிப்பை முடித்த பிறகே அங்கே நுழைகிறார்கள். முதல் முயற்சியில் இடம் கிடைக்காதபோதும், மதிப்பெண் சராசரி குறைவாக இருக்கிறது என்ற அச்சம் முன்கூட்டியே எழும்போதும், பல குடும்பங்கள் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: உயிர்மருத்துவ அறிவியலில் ஓராண்டு அல்லது ஈராண்டு முதுநிலைப் படிப்பு. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சரியான மாணவருக்குச் சரியான படிப்பாக அமைந்தால் இது உண்மையிலேயே கதவைத் திறக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஓராண்டும் பெருந்தொகையும் போவதோடு, விண்ணப்பமும் முன்பிருந்ததைவிடப் பலவீனமாகிவிடும். எனவே எந்தப் படிப்பு என்று கேட்பதற்கு முன்னால், விண்ணப்பத்தில் உள்ள எந்தக் குறையை இந்த ஆண்டு சரிசெய்யப்போகிறது என்று கேட்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் ஜி.பி.ஏ., அதாவது 4.0 அளவிலான மதிப்பெண் சராசரி, 3.6; அது குறை சொல்லத்தக்க எண் அல்ல. பல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான டி.ஏ.டி. தேர்வில்தான் அவர் தடுமாறியிருந்தார். போதாக்குறைக்கு விண்ணப்பத்தையும் அக்டோபரில்தான் அனுப்பினார். நிராகரிப்புக் கடிதங்கள் வந்ததும் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, முதுநிலைப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் உடற்கூறியலும் உயிர்வேதியியலும் படித்த அவருக்கு டி.ஏ.டி. தேர்வை மீண்டும் எழுத நேரமே கிடைக்கவில்லை. அடுத்த சுற்றிலும் அதே பதில்தான் வந்தது. அந்தத் தேர்வு உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல் ஆகியவற்றோடு வடிவங்களை மனக்கண்ணில் திருப்பிப் பார்க்கும் திறன், வாசிப்புத் திறன், கணக்கு ஆகியவற்றையும் சோதிக்கிறது. இவற்றில் பலவற்றை முதுநிலை வகுப்புகள் தொடுவதே இல்லை. குறை தேர்வு மதிப்பெண்ணில் இருந்தால் மூன்று மாதம் ஒழுங்காகத் தயாராவதும், குறை பல் மருத்துவரின் அருகில் இருந்து கவனித்த அனுபவத்தில் இருந்தால் அந்த மணி நேரங்களைச் சேர்ப்பதும், குறை தாமதத்தில் இருந்தால் அடுத்த ஜூன் மாதத்தில் முதல் வாரமே விண்ணப்பிப்பதும்தான் மருந்து. முதுநிலைப் படிப்பு தீர்க்கக்கூடியது ஒரே ஒரு ஐயத்தைத்தான்: கடினமான அறிவியல் பாடங்களை ஒரே நேரத்தில் பலவாகச் சுமந்து இந்த மாணவரால் நன்றாகப் படிக்க முடியுமா என்ற ஐயம் அது.

அடுத்த தவறு கணக்கில் நேர்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதுநிலையில் வாங்கும் மதிப்பெண்கள் இளநிலைச் சராசரியை உயர்த்திவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆட்சாஸ், இளநிலைச் சராசரியையும் முதுநிலைச் சராசரியையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்த மொத்தச் சராசரி வேறொரு வரியில் நிற்கிறது. ஒருவர் 120 கிரெடிட்டுகளை (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) 3.0 சராசரியோடு முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதுநிலையில் 30 கிரெடிட்டுகள் படித்து, ஒன்றுகூடக் குறையாமல் 4.0 வாங்கினாலும் மொத்தச் சராசரி 3.2 ஆகும், இளநிலைச் சராசரி 3.0 என்ற இடத்திலேயே நிற்கும். 2.7 சராசரியோடு முடித்தவருக்கு அதே 30 கிரெடிட்டுகளும் முழு மதிப்பெண்ணோடு வந்தாலும் மொத்தச் சராசரி 2.96 மட்டுமே. விண்ணப்பங்களை முதலில் இளநிலை எண்ணை வைத்து வடிகட்டும் கல்லூரியில் இந்த மாணவரின் புதிய மதிப்பெண்களை யாரும் திறந்துகூடப் பார்க்காமல் போகலாம்.

அவருக்கு வேறு வழி உண்டு. பட்டம் பெற்ற பிறகு, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இளநிலை நிலையிலேயே உயிரணு உயிரியல், நுண்ணுயிரியல், உடலியங்கியல் போன்ற உயர்நிலைப் பாடங்களைப் படித்தால் அவை இளநிலைக் கணக்கில் சேரும். புகழும் பட்டமும் இல்லாத வழி என்பதாலேயே குடும்பங்கள் இதை ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் இளநிலைச் சராசரி மிகக் குறைவாக உள்ளவர் முதலில் நடக்க வேண்டிய வழி பல நேரங்களில் இதுவாகவே இருக்கிறது, செலவும் குறைவு. இங்கே இன்னொரு பிழையும் நிகழ்கிறது. கரிம வேதியியலில் ‘சி’ வாங்கியவர் அதே பாடத்தை மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினால், அவருடைய பல்கலைக்கழகம் பழைய மதிப்பெண்ணை நீக்கிவிடக்கூடும். ஆட்சாஸ் நீக்குவதில்லை, இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பல்கலைக்கழகச் சான்றிதழில் உள்ள எண்ணை நம்பித் திட்டமிட்டவர்கள் விண்ணப்பத்தில் வேறு எண்ணைப் பார்த்துத் திகைக்கிறார்கள். டெக்சாஸ் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனிச் சேவை இருப்பதால், அங்கே குடியிருப்பவர்கள் அதன் விதிகளையும் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

படிப்பின் பெயரைப் பார்த்து மயங்குவது மூன்றாவது தவறு. ‘உயிர்மருத்துவம்’ என்ற சொல் ஒட்டியிருக்கும் எல்லாப் படிப்புகளும் ஒரே நோக்கம் கொண்டவை அல்ல. ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதும் படிப்பு, உயிர்மருத்துவப் பொறியியல், உயிர்தொழில்நுட்பம் ஆகியவை தம்மளவில் மதிப்பு வாய்ந்தவை. ஆனால் சேர்க்கைக் குழு தேடும் சான்றை அவை பெரும்பாலும் தருவதில்லை. அந்தக் குழு பார்க்க விரும்புவது உடற்கூறியல், திசுவியல், உயிர்வேதியியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகிய பாடங்களில், முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர் சுமக்கும் அளவுக்குச் சுமையோடு வாங்கிய, ‘ஏ’, ‘பி’ என்று எழுத்தால் குறிக்கும் மதிப்பெண்களை. தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் குறிக்கும் படிப்பு இந்த நோக்கத்துக்கு ஏறத்தாழப் பயனற்றது. முதலாண்டுப் பல் மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, அதே தேர்வை எழுதி, அவர்களுடைய சராசரியோடு ஒப்பிடப்படும் வாய்ப்பைச் சில படிப்புகள் தருகின்றன; அத்தகைய மதிப்பெண்ணை எந்தச் சேர்க்கைக் குழுவுக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்து வருவதுதான் மருத்துவத்துக்கான படிப்பையும் பல் மருத்துவத்துக்கான படிப்பையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975இல் தொடங்கிய சிறப்பு முதுநிலைப் படிப்பு இத்துறையில் முன்னோடி, பெயர் பெற்றது. ஆனால் அது மருத்துவக் கல்லூரியை நோக்கி அமைந்த படிப்பு. அந்தப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரி 1990இலேயே மூடப்பட்டுவிட்டது. பல் மருத்துவப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமோ, அதே வளாகத்தில் சேர்க்கைக் குழுவின் அறிமுகமோ அங்கே எதிர்பார்க்க இயலாது. இதற்கு மாறாக, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாய்நல அறிவியல் என்ற பெயரிலேயே பல் மருத்துவத்தை நோக்கும் மாணவர்களுக்கான முதுநிலைப் படிப்பு இருக்கிறது. மிட்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் இல்லினாய், அரிசோனா வளாகங்கள் இரண்டிலும் உயிர்மருத்துவ முதுநிலைப் படிப்பும் பல் மருத்துவக் கல்லூரியும் அருகருகே உள்ளன. இவற்றைச் சிறந்தவை என்று பரிந்துரைப்பதற்காகச் சொல்லவில்லை; ஒரே பெயரின் கீழ் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

‘நேர்காணல் உறுதி’ என்ற சொற்களைப் படித்ததும் இடமே உறுதியானதுபோல் மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உறுதிக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கும்: இன்ன சராசரிக்குக் குறையக் கூடாது, எந்தப் பாடத்திலும் ‘பி’க்குக் கீழே போகக் கூடாது, டி.ஏ.டி.யில் இன்ன எண் வேண்டும், இந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இவை எல்லாம் எழுத்தில் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அந்த உறுதி பல் மருத்துவக் கல்லூரிக்கும் பொருந்துமா, மருத்துவக் கல்லூரிக்கு மட்டுமா என்பதையும் கேளுங்கள். எல்லாம் நிறைவேறினாலும் கிடைப்பது நேர்காணல்தான், இடம் அல்ல.

‘எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மருத்துவத் துறைக் கல்லூரிகளில் சேர்கிறார்கள்’ என்ற விளம்பர வரியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் மருந்தகவியல், மருத்துவர் உதவியாளர் படிப்பு, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் அடங்கியிருக்கலாம். பாதியில் விலகியவர்களும், மதிப்பெண் குறைந்ததால் விண்ணப்பிக்காமல் நின்றவர்களும் கணக்கில் விடுபட்டிருக்கலாம். கேட்க வேண்டியது இதுதான்: கடந்த ஆண்டு வகுப்பில் முதல் நாள் அமர்ந்தவர்களில் பல் மருத்துவத்தை விரும்பியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு எந்தெந்தக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது? இந்தக் கேள்விக்கு நேரான பதில் தர மறுக்கும் படிப்பை நான் என் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

காலக் கணக்கில் தவறுவது மிகவும் எளிது. ஆட்சாஸ் விண்ணப்பம் கோடையின் தொடக்கத்தில் திறக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பங்களை வந்த வரிசையிலேயே பரிசீலிக்கின்றன. தேர்வானவர்களுக்கு இடம் அளிப்பது டிசம்பரில் தொடங்குகிறது. ஆகஸ்டில் முதுநிலையில் சேரும் மாணவர் அதே ஜூனில் விண்ணப்பித்தால் அவர் கையில் ஒரு புதிய மதிப்பெண்கூட இருக்காது. முதல் பருவத்தின் முடிவுகள் வெளிவரும்போது இடங்களில் பெரும்பகுதி நிரம்பியிருக்கும். முழு ஆண்டின் மதிப்பெண்ணோடு அடுத்த ஜூனில் விண்ணப்பித்தால், சேர்வதற்கு இன்னும் ஓராண்டு இடைவெளி வரும். இரண்டு வழிகளிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்த வழி என்பதைச் சேர்வதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். என் பார்வையில், இளநிலைப் பதிவு உண்மையிலேயே பலவீனமாக இருப்பவர் காத்திருப்பதே மேல், ஏனெனில் அவர் காட்ட வேண்டிய ஒரே சான்று அந்தப் புதிய மதிப்பெண்தான். டி.ஏ.டி. தேர்வை வகுப்புகள் தொடங்கும் முன்பே முடித்துவிடுவதும் நல்லது. 2025 மார்ச் முதல் அதன் மதிப்பெண்கள் 200 முதல் 600 வரையிலான புதிய அளவில் வருகின்றன; பழைய 30 மதிப்பெண் அளவை மனத்தில் வைத்து அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்லும் ஒப்பீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தயாராகாத நிலையில் சேர்வது. இளநிலையில் மதிப்பெண் குறைந்ததற்கு நோயோ, குடும்பச் சூழலோ, வாரத்துக்கு இருபது மணி நேர வேலையோ காரணமாக இருந்திருக்கலாம். அந்தக் காரணம் தீராமலேயே முதுநிலையில் சேர்ந்தால் அதே முடிவு இன்னும் கடுமையாக வரும். இளநிலையில் வாங்கிய 3.0ஐ இளமையின் தடுமாற்றம் என்று ஒரு குழு மன்னிக்கும். பல் மருத்துவத்தை ஒத்த பாடத்திட்டத்தில் வாங்கிய 3.0ஐ அவ்வாறு மன்னிக்காது. ‘இந்தச் சுமை இவருக்கு இயலாது’ என்பதற்கான சான்றாகவே அதைப் படிக்கும். அதற்குப் பிறகு காட்டுவதற்கு வேறு படிப்பு இல்லை. பெற்றோர் இதைப் புரிந்துகொண்டு, ஓராண்டு வேலை செய்து மனத்தைத் தேற்றிக்கொள்ள விரும்பும் பிள்ளையை ‘வீணாகிறான்’ என்று சொல்லாதிருக்க வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றிய தவறு இப்போது முன்பைவிட விலை மிகுந்தது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, முதுநிலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதையும் கடனாகப் பெற உதவிய கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இல்லை. மத்திய அரசுக் கடனாக முதுநிலை மாணவர் ஆண்டுக்கு 20,500 டாலரும், பல் மருத்துவம் போன்ற தொழிற்கல்வி மாணவர் ஆண்டுக்கு 50,000 டாலரும் மட்டுமே பெற முடியும். வாழ்நாள் வரம்பு 257,500 டாலர். முதுநிலைக்காக இன்று வாங்கும் கடன், நாளை பல் மருத்துவக் கல்லூரிக்கு எஞ்சியிருக்கும் வரம்பைக் குறைக்கும். பல தனியார் கல்லூரிகளின் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 டாலரைத் தாண்டுகிறது.

தமிழ்நாட்டில் பி.டி.எஸ். முடித்து அமெரிக்காவுக்கு வருகிறவர்கள் இந்த அறிவுரைகளைத் தமக்கானவை என்று எடுத்துக்கொள்வதும் ஒரு தவறுதான். அவர்களுடைய வழி வேறு. அவர்கள் பெரும்பாலும் காப்பிட் என்ற தனி விண்ணப்பச் சேவை மூலம், வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான சுமார் இரண்டு முதல் மூன்று ஆண்டுப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே முதலில் நிற்பது ஐ.என்.பி.டி.இ. என்ற அமெரிக்கப் பல் மருத்துவத் தேசியத் தேர்வின் தேர்ச்சி, பல கல்லூரிகள் கைத்திறனைச் சோதிக்கும் செய்முறைத் தேர்வும் வைக்கின்றன. உடற்கூறியலை மறுபடி படிக்கும் முதுநிலைப் படிப்பு அவர்களுடைய குறையைத் தீர்க்காது. பல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஆராய்ச்சிப் பணியோ, பொதுச் சுகாதார முதுநிலையோ அவர்களுக்குக் கூடுதல் பயன் தரலாம்.

பட்டியலில் ஒன்றிரண்டு படிப்புகள் எஞ்சியதும், சேர்க்கை முன்பணம் கட்டுவதற்கு முன்னால், விண்ணப்பிக்க நினைக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் நான்கைந்தின் சேர்க்கை அலுவலகங்களுக்கு மாணவரே எழுத வேண்டும். பெற்றோர் எழுதக் கூடாது. தன் இளநிலைச் சராசரியையும் டி.ஏ.டி. எண்ணையும் குறிப்பிட்டு, முதுநிலைப் பாடங்களைத் தனியாக மதிப்பிடுவீர்களா, இளநிலை எண்ணில் வடிகட்டல் உண்டா, இணையவழிப் பாடங்களை ஏற்பீர்களா, முன்தேவைப் பாடங்களை முதுநிலைப் பாடங்களால் ஈடுசெய்யலாமா என்று கேட்க வேண்டும். பதில் வராத இடங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசி, கிடைத்த பதில்களை ஒரு தாளில் எழுதிவைத்து, அந்தத் தாளோடு முதுநிலைப் படிப்புகளின் பாடப்பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.