ஸ்டார் வார்ஸ் படங்களை எந்த வயதில், எந்த வரிசையில் பார்க்கலாம்?

ஸ்டார் வார்ஸ் குழந்தைகளுக்கான படமா, பெரியவர்களுக்கான படமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. 1977 முதல் 2019 வரை வெளிவந்த ஒன்பது முதன்மைப் படங்களும், அவற்றை ஒட்டி எழுந்த தனிப் படங்களும் தொடர்களும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தாலும், அவை ஒரே வயதினரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை அல்ல. முதலில் வெளிவந்த மூன்று படங்களே கதையின் நான்காம், ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்கள்; முன்கதையான ஒன்று முதல் மூன்று வரையிலான அத்தியாயங்கள் 1999-க்குப் பிறகே வந்தன. இந்தக் கதையுலகை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ், இது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான படம் என்று 2017-இல் வெளிப்படையாகவே கூறினார். ஆனால் அவரே, 2005-இல் தாம் இயக்கிய மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசும்போது, ஐந்தாறு வயதுக் குழந்தையை அந்தப் படத்துக்கு அழைத்துச் செல்ல மாட்டேன் என்றும் கூறியிருந்தார். படைத்தவரே படத்துக்குப் படம் வேறு அளவுகோல் வைத்திருந்தார் என்பதால், பெற்றோரும் அவ்வாறே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எடைபோடுவதுதான் முறை.

முடிவெடுக்க வேண்டிய பெரியவர்களுக்காக இதை எழுதுவதால், கதையின் திருப்பங்களை மறைக்கவில்லை. அவற்றைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

தணிக்கைச் சான்றிதழ் எவ்வளவு உதவும்?

பலர் முதலில் பார்ப்பது சான்றிதழைத்தான். அமெரிக்காவில் 1977, 1980, 1983, 1999, 2002 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஐந்து படங்களும் பெற்றோர் வழிகாட்டுதலைக் கோரும் பி.ஜி. சான்றிதழைப் பெற்றன, 2005-இல் வந்த ரிவெஞ்ச் ஆஃப் தி சித் முதல் பின்னர் வந்த முதன்மைப் படங்கள் அனைத்தும், பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கும் பி.ஜி.-13 சான்றிதழைப் பெற்றன. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பி.ஜி.-13 என்ற பிரிவே 1984-இல்தான் உருவாக்கப்பட்டது. அதாவது முதல் மூன்று படங்கள் வெளியானபோது, பி.ஜி.-க்கும் பெரியவர்களுக்கான சான்றிதழுக்கும் இடையில் வேறு பிரிவே இருக்கவில்லை. ஆகவே அன்றைய பி.ஜி. மிக விரிந்த வகை. 1977 படத்தில் நாயகன் லூக்கின் மாமாவும் மாமியும் எரிந்து கருகிய எலும்புக்கூடுகளாக வீட்டு வாசலில் புகைந்து கிடப்பது தெளிவாகக் காட்டப்படுகிறது. மதுக்கடைச் சண்டையில் வெட்டுண்ட ஒரு கை இரத்தத்துடன் தரையில் விழுந்து கிடக்கிறது. இரண்டும் சில நொடிகளே நீடிக்கின்றன என்றாலும், இன்றைய குடும்பப் படங்களின் பி.ஜி.-யை எதிர்பார்த்து உட்கார்ந்த பெற்றோர் திடுக்கிட நேரும். சான்றிதழை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, காட்டப்போகும் படத்தைப் பெரியவர் ஒருவர் முதலில் தனியாகப் பார்த்துவிடுவதே நம்பத்தக்க வழி.

குழந்தையை உண்மையில் உலுக்குவது எது?

துப்பாக்கிச் சண்டைகளை எண்ணிக் கவலைப்படும் பெற்றோர் பலர். என் கருத்தில், இந்தப் படங்களில் குழந்தையை உலுக்குவது அதுவன்று. பழைய படங்களில் சுடப்பட்டு விழும் வீரர்களில் பலர் வெள்ளை முகமூடி அணிந்தவர்கள்; முகமோ பெயரோ இல்லாத அவர்களின் சாவு சிறுவர்களின் மனத்தில் பெரும்பாலும் தங்குவதில்லை. தங்குவது, அன்புக்குரியவர் தீங்கு செய்கிறார் என்ற செய்திதான்.

1980-இல் வந்த ஐந்தாம் அத்தியாயமான தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக் படத்தின் இறுதியில், கதையின் கறுப்பு முகமூடி வில்லன் டார்த் வேடர் முதலில் லூக்கின் கையை வெட்டுகிறார்; அதன் பிறகு, தானே அவனுடைய தந்தை என்கிறார். கைவெட்டு ஒரு கணத்தில் கடந்துவிடுகிறது, ஆனால் தந்தை என்ற சொல் கடந்துபோவதில்லை. வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே, அந்த வசனத்தை முதலில் படித்தபோது வேடர் பொய் சொல்வதாகத்தான் எண்ணினேன் என்று பின்னாளில் கூறியிருக்கிறார். வளர்ந்த நடிகருக்கே அவ்வாறு தோன்றியதென்றால், ஒரு குழந்தை "அவர் பொய்தானே சொல்கிறார்?" என்று கேட்பதில் வியப்பில்லை. அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடாமல், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்பது நல்லது. அந்தப் படம் லூக்கின் நண்பன் ஹான் சோலோ உறைய வைக்கப்பட்ட நிலையிலேயே, ஒரு தீர்வும் இல்லாமல் முடிகிறது. 1980-இன் பார்வையாளர்கள் அடுத்த படத்துக்காக மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். சிறு குழந்தையை அவ்வாறு காக்க வைக்க வேண்டியதில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைக் காட்டினால், சில நாட்களுக்குள் ஆறாம் அத்தியாயத்தையும் காட்டிவிடுங்கள். தந்தை இறுதியில் மகனைக் காப்பாற்றும் காட்சிதான் முந்தைய படம் எழுப்பிய அச்சத்துக்கு மருந்து.

எதிலிருந்து தொடங்குவது?

1977-இல் வெளியாகி, பின்னர் எ நியூ ஹோப் என்று பெயர் சூட்டப்பட்ட நான்காம் அத்தியாயத்திலிருந்தே தொடங்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு அல்லது எட்டு வயது இதற்குப் பொருத்தமாக இருக்கும். வயதைவிட முக்கியமான அளவுகோல், இரண்டு மணி நேரக் கதை ஒன்றை அமைதியாகத் தொடரும் பழக்கம் குழந்தைக்கு வந்துவிட்டதா என்பதே.

முதல் தடை அச்சம் அன்று, வாசிப்பு. படம் தொடங்கியதும் மஞ்சள் எழுத்துகள் விண்ணில் ஏறிச் செல்கின்றன; அவற்றைப் படிக்க முடியாத குழந்தைக்குக் கதை புரியாமலே தொடங்கிவிடும். எனவே அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, மூன்று பத்திகளையும் உரக்கப் படித்து எளிய சொற்களில் விளக்குங்கள். வேற்றுக்கோளினர் சிலர் தம் மொழியில் பேசும்போது துணைத்தலைப்பு வரும். அதையும் அருகிலிருந்து படித்துச் சொல்ல ஒருவர் தேவை. அடுத்த தடை, பொறுமை. கதாநாயகனான லூக் திரையில் தோன்றுவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை இரண்டு ரோபோக்கள் பாலைவனத்தில் அலைகின்றன. அந்த ரோபோக்களோடு குழந்தை ஒட்டிக்கொண்டால் மீதிப் படம் தானாக ஓடிவிடும். ஒட்டவில்லை என்றால் வற்புறுத்தாமல், ஓராண்டு கழித்து மீண்டும் முயல்வதே சரி.

வேடரின் மூச்சொலியைக் கேட்டு அஞ்சும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கு, அந்த ஒலி எப்படி உருவானது என்பதைச் சொல்லிப் பாருங்கள். ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், நீருக்கடியில் மூச்சுவிடப் பயன்படும் கருவியின் வாய்ப்பகுதிக்குள் சிறிய ஒலிவாங்கியை வைத்து, அதன் வழியாகத் தாமே மூச்சுவிட்டு அதைப் பதிவு செய்தார். ஹான் சோலோவின் உடல் முழுதும் மயிரடர்ந்த தோழன் சூபக்காவின் குரல் பெரும்பாலும் ஒரு கரடியின் குரல் என்பதும் குழந்தைகளை மகிழ்விக்கும் செய்தி. இது வெறும் துணுக்கு அல்ல. திரையில் காண்பது மனிதர்கள் முயன்று செய்த பொருள் என்று அறிந்த குழந்தை, அதை அஞ்சாமல் ஆராயத் தொடங்குகிறது.

நான்காம் அத்தியாயம் நன்றாகப் போனால், ஐந்தையும் ஆறையும் எட்டு அல்லது ஒன்பது வயதில் தொடரலாம். ஐந்தில், குகைக்குள் லூக் வேடரின் தலையை வெட்ட, முகமூடி உடைந்து உள்ளே தன் முகமே தெரிகின்ற காட்சி பெரியவர்களுக்கே கலக்கம் தருவது. அது கனவு போன்ற தோற்றம் என்பதை உடனே சொல்லிவிடுங்கள். ஆறில், குற்றக் கும்பல் தலைவன் ஜப்பாவின் மாளிகையில் இளவரசி லியா அரைகுறை ஆடையில் சங்கிலியால் கட்டப்பட்டிருப்பதைப் பற்றிக் குழந்தை கேட்டால், அவள் அடிமைப்படுத்தப்பட்டிருக்கிறாள் என்றும், பிறகு அதே சங்கிலியைக் கொண்டு அவனைக் கொல்கிறாள் என்றும் உள்ளபடியே சொல்லலாம்.

ஒன்றாம் அத்தியாயம் ஏன் முதலில் வேண்டாம்?

எண் ஒன்றிலிருந்து தொடங்குவது இயல்பாகத் தோன்றும். 1999-இல் வந்த தி ஃபேன்டம் மெனஸ் படத்தில் நாயகன், பின்னாளில் வேடராக மாறப்போகும் அனகின் என்ற ஒன்பது வயதுச் சிறுவன். ஜார் ஜார் என்ற கோமாளி இருக்கிறான். வேகமான பந்தயம் இருக்கிறது. ஆயினும் வணிக வரித் தகராறில் தொடங்கி நாடாளுமன்ற வாக்கெடுப்பு வரை நீளும் அரசியல் சிறுவர்களைக் களைப்படையச் செய்யும். அடிமையாக இருக்கும் தாயைவிட்டு அந்தச் சிறுவன் பிரிந்து போவது, பல குழந்தைகளுக்கு எந்த வாள்சண்டையையும்விடக் கனமான காட்சி. மேலும், முதலில் ஒன்று முதல் மூன்று வரையிலான படங்களைப் பார்த்துவிட்டால் வேடர் யார் என்ற புதிர் அப்போதே அவிழ்ந்துவிடும்.

இரண்டாம் அத்தியாயத்தில் கவனிக்க வேண்டியது காட்சியைவிட வசனம். தாய் தன் கைகளில் இறந்த பிறகு, அனகின் அவளைக் கடத்தியவர்களின் குடியிருப்பில் ஆண்களை மட்டுமன்றிப் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகத் தன் காதலி பத்மேயிடம் சொல்கிறான். அதில் பெரும்பகுதியைப் படம் திரையில் காட்டுவதில்லை. கூர்ந்து கேட்கும் குழந்தைக்கு அந்தச் சொற்களே போதும்.

மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒளிவாள் ஏந்திய காவல் வீரர்களான ஜெடைகளின் கோவிலில் ஒளிந்திருக்கும் சிறு பிள்ளைகளில் ஒருவன், அனகின் உள்ளே நுழைந்ததும் காப்பாற்ற வந்துவிட்டார் என்று நம்பி முன்னே வந்து, இனி என்ன செய்வது என்று அவனிடம் கேட்கிறான். அனகின் பதில் சொல்லாமல் ஒளிவாளை உயிர்ப்பிக்கிறான். சிறுவன் ஓரடி பின்வாங்குகிறான். காட்சி அத்துடன் வெட்டப்படுகிறது. ஒரு துளி இரத்தமும் இல்லை. ஆனாலும் இந்தக் கதை முழுவதிலும் குழந்தைக்கு மிகக் கொடியது இதுவே என்பேன், ஏனெனில் பார்க்கும் குழந்தை தன்னை அந்தச் சிறுவனின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கும். இதன் பின், கைகால் இழந்த அனகின் உயிரோடு எரிவது நீண்ட நேரம் காட்டப்படுகிறது. பன்னிரண்டு வயதுக்கு முன் இந்தப் படம் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மறுபுறம், நம்பிக்கை துரோகமாக மாறும் விதத்தையும், ஒரு குடியரசு கைதட்டல்களுக்கு நடுவே பேரரசாகிவிடுவதையும் சிந்திக்கத் தொடங்கிய பதின்ம வயதினருக்கு ஆறு படங்களில் அதிகம் தருவதும் இதுதான்.

நான்கு, ஐந்து, இரண்டு, மூன்று, ஆறு என்ற வரிசையை ரசிகர்கள் பலர் பரிந்துரைக்கிறார்கள். புதிரைக் காத்து, அனகினின் வீழ்ச்சியை நடுவில் நினைவுகூரலாக வைக்கும் அந்த வரிசை பெரியவர்களுக்கு அருமையானது. சிறுவர்களுக்கோ, ஆறுதல் தரும் ஆறாம் படத்துக்கு முன்பே மிகக் கடுமையான மூன்றாம் படத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

புதிய படங்களும் தொடர்களும்

2015-இன் தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ் படத்தின் தொடக்கத்திலேயே, இறக்கும் வீரன் ஒருவன் இரத்தம் தோய்ந்த விரல்களால் தன் தோழனின் வெள்ளைத் தலைக்கவசத்தில் கோடிழுக்கிறான். சற்று நேரத்தில் அந்தக் கவசத்தைக் கழற்றும்போது உள்ளே அஞ்சிய இளைஞனின் முகம் தெரிகிறது. பழைய படங்களில் இருந்த முகமற்ற சாவு இங்கே இல்லை. மகன் தந்தையைக் கொல்லும் காட்சியும் இந்தப் படத்தில்தான் வருகிறது. ஆகவே இதற்கும் இதைத் தொடர்ந்து வந்த இரண்டு படங்களுக்கும் பத்து வயது வரை காத்திருப்பது நன்று. ஹான் சோலோவின் இளமைக் கதையைச் சொல்லும் தனிப் படமான சோலோ இலகுவான சாகசம். அதே வயதில் பார்க்கலாம். 2016-இல் வந்த ரோக் ஒன் வேறு வகை: முதன்மை மாந்தர்கள் அனைவரும் இறந்துவிடுகிறார்கள், வெற்றி அவர்களுக்குப் பின் வருவோருக்கே கிட்டுகிறது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அது மிகச் சிறந்த படம்.

பள்ளி செல்லாத மழலையருக்கென்றே 2023-இல் தொடங்கப்பட்ட யங் ஜெடை அட்வென்சர்ஸ் இருக்கிறது. கார்ட்டூன் என்பதால் தி குளோன் வார்ஸ் தொடரையும் அதே வயதில் தொடங்கிவிடக் கூடாது; அதில் போரும் மரணமும் நிறைய உண்டு, பிற்பகுதி மேலும் இருண்டது. மாண்டலோரியன் தொடரில் வரும் பச்சை நிறக் குழந்தைக்காகவே அதைக் கேட்கும் சிறுவர்கள் பலர். ஆனால் அதன் இரண்டாம் பருவத்தில் பனிக்குகையில் எண்ணற்ற சிலந்திகள் துரத்தும் பகுதி போன்றவற்றை முன்னதாகப் பார்த்து வைக்க வேண்டும்.

ஆண்டோர் என்ற தொடர் முற்றிலும் பெரியவர்களுக்கானது. 2022-இலும் 2025-இலும் வந்த 24 பகுதிகளில் சிறைக்கொடுமை, உளவு, படுகொலை, பாலியல் வன்முறை முயற்சி எல்லாம் வருகின்றன. ஒரு காட்சியில், கைதியான பெண்ணின் காதுகளில் ஒலிக்கருவியைப் பொருத்தி, கொல்லப்பட்ட வேற்றின உயிர்களின் மரண ஓலத்தைக் கேட்கச் செய்து சித்திரவதை செய்கிறார்கள். அந்த ஓலம் நமக்குக் கேட்பதில்லை, அவளுடைய முகம் மட்டுமே தெரிகிறது. இந்தக் கதையுலகம் சிறுபிள்ளைகளுக்கானது என்று இதுவரை ஒதுக்கியவர்கள், ஆண்டோரைப் பார்த்து, தொடர்ந்து ரோக் ஒன்னையும், அது முடியும் இடத்திலேயே தொடங்கும் 1977 படத்தையும் பார்க்கலாம். பழைய படத்தின் எளிமைக்குப் பின்னால் எவ்வளவு இழப்பு இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில், இளையவருக்கு ஏற்ற படத்தை அனைவரும் பகலில் சேர்ந்து பார்ப்பதும், மூத்தவருக்குரியதை இளையவர் உறங்கிய பின் பெரியவர் ஒருவர் உடனிருந்து காட்டுவதும் நடைமுறைக்கு எளிது. அவ்வாறு காட்டும்போது, தம்பி தங்கையரிடம் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்ற பொறுப்பையும் மூத்தவரிடம் ஒப்படையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொள்வார்கள்.