இரண்டாவது கேரம் போர்டு வாங்காதீர்கள்

உங்கள் ஏரியாவில் பிள்ளைகளுக்கு மாலை மையம் தொடங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு கேரம் போர்டு வாங்குங்கள். பெயர்ப் பலகை, பதிவு எல்லாம் அப்புறம்.

வட சென்னை வியாசர்பாடியில் நாங்கள் "இலவச டியூஷன்" என்று நோட்டீஸ் ஒட்டித்தான் ஆரம்பித்தோம். ஒரு வாரத்தில் வந்தது நாலு பேர். நாலுமே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள். யாரை நினைத்துக் கதவைத் திறந்தோமோ அவர்கள் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கேரம் போர்டு போட்ட அன்றுதான் உள்ளே வந்தார்கள். கேரமில் உலகப் பட்டம் வென்ற இளவழகி இந்த ஊர்க்காரர். இங்கே கேரமை யாரும் வெட்டிப் பொழுது என்று சொல்லிவிட முடியாது.

29 அங்குல ஆடுகளம் உள்ள போர்டாக வாங்குங்கள். சின்னதில் பழகினால் போட்டியில் கை தடுமாறும். யாராவது இன்னொரு போர்டு நன்கொடை தருகிறேன் என்றால் வேண்டாம், நோட்டு வாங்கித் தாருங்கள் என்று சொல்லுங்கள். ஒரு போர்டில் நாலு பேர்தான் ஆட முடியும். மிச்சப் பேர் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் நான் பாடம் நடத்துகிறேன். சிவப்புக் காய்க்கு 3 புள்ளி, 25 புள்ளி வந்தால் ஆட்டம் முடிவு என்று கணக்கெழுதுவது கூட்டல் வராத பிள்ளையின் வேலை. 11 பேர் பெயர் கொடுத்த நாக் அவுட்டில் முதல் சுற்றில் எத்தனை பேருக்கு 'பை', அதாவது ஆடாமலே அடுத்த சுற்று, என்று ஏழாவது படிக்கிறவளைக் கேட்டேன். இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு ஐந்து என்றாள்.

பெண் பிள்ளைகளின் கால்பந்து நேரத்தைத் தண்ணீர் லாரி நேரம் பார்த்து வையுங்கள். ஐந்து மணிக்கு லாரி வருகிற தெருவில் ஐந்து மணிக்குப் பயிற்சி வைத்துவிட்டு, "பொண்ணுங்களுக்கு ஆர்வமே இல்ல" என்று சொல்லக் கூடாது. நான் சொன்னேன், ஒரு வருஷம்.

பறை கற்றுக்கொடுக்கப் போனால் சில அம்மாக்கள், "சாவு மேளத்த எதுக்கும்மா எம்புள்ள கத்துக்கணும்?" என்பார்கள். விவாதம் பண்ணாதீர்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர்கள் பட்ட அவமானம் இருக்கிறது. காலமெல்லாம் அடித்த தெருப் பெரியவர் ஒருவரையே ஆசிரியராக்கி, சம்பளமும் கொடுங்கள். பிள்ளைகள் அவரை "மாஸ்டர்" என்று கூப்பிடுவதை அந்த அம்மாக்கள் கேட்கட்டும். தோல் பறையைத் தீயில் காய்ச்ச வேண்டும், மழையில் தொய்ந்துவிடும். பழகுவதற்கு ஃபைபர் பறை போதும். பரீட்சை மாசத்தில் பழைய டயரில் அடிக்கட்டும். அக்கம்பக்கம் சண்டைக்கு வராது.

எல்லாவற்றையும்விட முக்கியம் வருகைப் பதிவேடு. வந்தவர் எண்ணிக்கை நன்கொடையாளருக்கு. உங்களுக்கு வேண்டியது வராதவர் பெயர். மூன்று நாள் காணவில்லை என்றால் வீட்டுக்குப் போங்கள். வாசலில் நின்று "ஏன் வரல?" என்று கேட்டால் பொய்தான் கிடைக்கும். நான் கையில் ஒரு ஸ்ட்ரைக்கரோடு போவேன். "தம்பியோடது எங்கிட்டயே தங்கிடுச்சும்மா, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்." டீ வரும், பிறகு விஷயம் வரும். பந்தல் வேலைக்குப் போகிறான், அப்பா படுத்துவிட்டார், பத்தாவதில் கணக்கு போய்விட்டது. கணக்கு போனவனுக்குத் துணைத் தேர்வு இருக்கிறது. கடைசித் தேதிக்கு முன்னால் நீங்களே கூட்டிப்போய் விண்ணப்பம் போடுங்கள். பதினான்கு வயது நிரம்பாதவன் வேலைக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்று பிள்ளை வாய் திறந்தால் தெருப் பெரிய மனிதர்களிடம் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

மையத்தைச் சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் சேர்ந்தால் போதும், 1975ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டம். கட்சிக்காரர் ஃபேன் வாங்கித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பெயர் எழுதாமல் தந்தால்.

கடைசியாக, ராத்திரி போர்டைத் தரையில் சாய்த்து வைக்காதீர்கள். சுவரில் உயரமாக ஆணி அடித்து மாட்டுங்கள். எங்கள் முதல் போர்டு 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் ஊறி, அப்பளம் மாதிரி உப்பிப் போனது.